ருமேனிய நகரச் சதுக்கங்கள்: திறந்தவெளி உண்டான விதம்

கேட்கப்பட்டது இது: ருமேனியாவுக்குச் செல்பவர் அங்குள்ள நகரங்களில் எந்தக் கட்டடங்களையும் சதுக்கங்களையும் பார்க்க வேண்டும், புக்கரெஸ்ட்டின் படங்களில் அரண்மனையும் அடுக்குமாடியும் தேவாலயமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நெருக்கியடித்து நிற்பது ஏன், அதே நாட்டில் சிபியுவும் பிராஷோவும் இத்தனை ஒழுங்காகத் தெரிவது எப்படி. பின்னிரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால்தான் முதல் கேள்விக்குச் சொல்லும் விடைக்குப் பொருள் இருக்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இன்று ருமேனியா என்று ஒரே பெயரில் அழைக்கப்படும் நாடு வெவ்வேறு ஆட்சிகளின் கீழ் வளர்ந்த நிலப்பகுதிகளால் ஆனது. டிரான்சில்வேனியாவும் பனாட் பகுதியும் 1918 வரை ஹங்கேரியோடும் ஹாப்ஸ்பர்க் பேரரசோடும் சேர்ந்திருந்தன. வல்லாக்கியாவும் மால்டேவியாவும் உஸ்மானியப் பேரரசுக்குத் திறை செலுத்திய சிற்றரசுகளாக இருந்து 1859இல் ஒரே இளவரசரின் கீழ் இணைந்தன. டிரான்சில்வேனியாவில் 12ஆம் நூற்றாண்டு முதல் குடியேறிய ஜெர்மானியர்கள், அதாவது சாக்சன்கள், மதில் சூழ்ந்த வணிக ஊர்களைக் கட்டினார்கள். அந்த ஊர்களில் சந்தை கூடும் சதுக்கத்துக்கு முதலில் இடம் ஒதுக்கப்பட்டது. நகர மன்றமும் தேவாலயமும் வணிகர் வீடுகளும் அதைப் பார்த்தபடி எழுந்தன. வல்லாக்கியாவின் புக்கரெஸ்ட்டிலும் மால்டேவியாவின் யாஷிலும் அப்படிப்பட்ட சதுக்கம் இருந்ததில்லை. இளவரசரின் அரண்மனை வளாகம், தோட்டத்தின் நடுவே பிரபுக்களின் மாளிகைகள், மதிலுக்குள் மடாலயங்கள், வணிகர் தங்கும் சத்திரங்கள், ஒவ்வொரு சிறு தேவாலயத்தையும் சுற்றி ஒரு 'மஹலா', அதாவது குடியிருப்புப் பேட்டை, என்று அவை பரவின. டிரான்சில்வேனியாவில் சதுக்கத்தைச் சுற்றி ஊரைக் கட்டினார்கள் என்றால், புக்கரெஸ்ட்டில் ஊரை இடித்துத்தான் சதுக்கம் உண்டாக்க முடிந்தது. ஆகவே ருமேனிய நகரம் ஒன்றில் ஒரு திறந்தவெளியைக் கண்டதும், இது எப்போது, யாருடைய உத்தரவால், எதை அகற்றி உண்டானது என்று கேட்பதே அந்நகரத்தைப் புரிந்துகொள்ளச் சிறந்த வழி என்பது என் கருத்து.

முதல் வகைக்குப் பிராஷோவ் நல்ல சான்று. அதன் மையமான ஸ்ஃபாதுலுய் சதுக்கத்தின் நடுவில் மஞ்சள் நிறக் கோபுரத்தோடு நிற்கும் நகர மன்றக் கட்டடத்தின் வரலாறு 1420இல் தொடங்குகிறது. சற்றுத் தள்ளி, ஏறத்தாழ 89 மீட்டர் நீளமுள்ள கோதிக் தேவாலயம் இருக்கிறது. 1689இல் நகரை அழித்த பெருந்தீயில் அதன் சுவர்கள் கருகியதால் 'கருப்புத் தேவாலயம்' என்ற பெயர் நிலைத்தது. இந்தச் சதுக்கத்தை எந்த ஆட்சியும் பெரிதாக மாற்றவில்லை. ஆனால் நகரத்தின் பெயரையே மாற்றினார்கள்: 1950 முதல் 1960 வரை பிராஷோவ் 'ஸ்டாலின் நகரம்' என்று அழைக்கப்பட்டது, சதுக்கத்தின் பின்னணியில் எழும் தும்ப்பா மலைச்சரிவில் மரங்களைக் கொண்டு ஸ்டாலினின் பெயரும் எழுதப்பட்டது. பழைய நகரத்துக்கு வெளியே டிராக்டர், லாரி ஆலைகளும் அவற்றின் தொழிலாளர்களுக்கான அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்தன. 1987 நவம்பர் 15 அன்று கூலிக் குறைப்பையும் உணவுத் தட்டுப்பாட்டையும் எதிர்த்துக் கிளம்பிய தொழிலாளர் ஊர்வலம் அந்த ஆலைகளிலிருந்துதான் நகர மையத்தை நோக்கி வந்தது. பயணிகள் பெரும்பாலும் பழைய நகரத்தை மட்டும் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். இந்த நகரத்தின் 20ஆம் நூற்றாண்டு முழுவதும் அதற்கு வெளியேதான் இருக்கிறது.

சிபியுவில் ஒன்றை அடுத்து ஒன்றாக மூன்று சதுக்கங்கள் உள்ளன: பெரிய சதுக்கம், சிறிய சதுக்கம், தேவாலயம் நிற்கும் ஹூயெட் சதுக்கம். பெரிய சதுக்கத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தால், செங்குத்தான ஓட்டுக் கூரைகளில் பாதி மூடிய இமைகள் போன்ற சிறு காற்றுத் திறப்புகள் தெரியும். தானியம் சேமித்த பரண்களில் காற்றோட்டத்துக்காக வைக்கப்பட்ட அவற்றை ஊரின் கண்கள் என்றே மக்கள் சொல்கிறார்கள். அதே சதுக்கத்தில் ஆளுநர் புரூக்கந்தால் கட்டிய அரண்மனை 1817 முதல் பொதுமக்களுக்கான அருங்காட்சியகமாக இருந்து வருகிறது. சிறிய சதுக்கத்தில் 1859இல் வைக்கப்பட்ட வார்ப்பிரும்புப் பாலத்துக்குப் 'பொய்களின் பாலம்' என்று பெயர்.

இந்த அழகுக்குப் பின்னால் இருக்கும் துயரத்தையும் சொல்லியாக வேண்டும். இவ்வூர்களைக் கட்டிய சாக்சன்களில் மிகப் பெரும்பாலோர் இன்று அங்கே இல்லை. கம்யூனிச ஆட்சியில் மேற்கு ஜெர்மனி ருமேனிய அரசுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து அவர்களை வெளியே அழைத்துக்கொண்டது. 1990க்குப் பின் எஞ்சியவர்களிலும் பெரும் பகுதியினர் சென்றுவிட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற வீடுகள் பராமரிப்பின்றிச் சிதைந்தன. 2000ஆம் ஆண்டையொட்டி ஜெர்மன் தொழில்நுட்ப ஒத்துழைப்பு நிறுவனத்தின் துணையோடு பழைய நகரத்தைச் சீரமைக்கும் பணி தொடங்கியது. 2007இல் சிபியு லக்சம்பர்க்கோடு சேர்ந்து ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரமாக அறிவிக்கப்பட்டபோது சதுக்கங்கள் புதிதாகத் தளமிடப்பட்டன. அப்போது மேயராக இருந்த கிளாவுஸ் யோஹானிஸ் 2014இல் நாட்டின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு இந்தச் சீரமைப்பு ஈட்டித் தந்த நற்பெயரும் ஒரு காரணம்.

இனி புக்கரெஸ்ட். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், விடுதலை பெற்ற புதிய அரசு தன் தலைநகரத்தைப் பாரிஸைப் பார்த்து மாற்றியமைக்க விரும்பியது. நகரின் பழைய முதன்மைத் தெரு 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இளவரசர் கான்ஸ்டன்டின் பிரின்கோவானு காலத்தில் மரப்பலகை பதித்துப் போடப்பட்டது. துருக்கியருடனான விடுதலைப் போருக்குப் பின் 1878இல் அது 'வெற்றித் தெரு' என்ற பெயரைப் பெற்றது. கண்ணாடிக் குவிமாடம் கொண்ட சி.இ.சி. சேமிப்பு வங்கியின் மாளிகை, அரச அரண்மனை, ஆத்தேனியம் இசையரங்கம் ஆகிய மூன்றையும் இந்த ஒரே தெருவில் நடந்தபடி பார்த்துவிடலாம். நேரம் குறைவாக இருந்தால் இவற்றுள் ஆத்தேனியத்தை மட்டுமாவது உள்ளே சென்று பாருங்கள். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் கலெரோன் வடிவமைத்து 1888இல் திறக்கப்பட்ட அந்த அரங்கத்துக்குப் பொதுமக்களிடம் 'ஆத்தேனியத்துக்கு ஒரு லெவ் கொடுங்கள்' என்று ருமேனிய நாணயத்தைக் கேட்டு நிதி திரட்டினார்கள். உள்ளே வட்ட அரங்கின் சுவரைச் சுற்றி, 75 மீட்டர் நீளத்துக்கு நாட்டின் வரலாற்றைக் கோஸ்தின் பெத்ரெஸ்கு வரைந்த சுவரோவியம் ஓடுகிறது. நாட்டின் பெருங்கட்டடங்கள் பலவும் உத்தரவின் பேரில் எழுந்தவையாக இருக்க, மக்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பணம் சேர்ந்த கட்டடம் என்பதால் இதன் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆத்தேனியத்துக்கு அருகிலுள்ள புரட்சிச் சதுக்கம் முன்பு அரண்மனைச் சதுக்கம் என்று அழைக்கப்பட்டது. 1930களில் மன்னர் இரண்டாம் கரோல் தன் அரண்மனை முன் இருந்த கட்டடங்களை அகற்றி அதைத் திறந்தவெளியாக்கினார். உள்துறை அமைச்சகத்துக்காக அதன் ஓரத்தில் எழுந்த கட்டடத்தில் பின்னாளில் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு குடியேறியது. 1989 டிசம்பர் 21 அன்று நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் நிக்கோலே சௌசெஸ்கு அதன் மாடத்தில் நின்று பேசத் தொடங்கி, கீழே கூட்டம் கூச்சலிடக் கேட்டுத் திகைத்து நின்றார். மறுநாள் அதே கட்டடத்தின் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பினார். அடுத்த நாள்களின் துப்பாக்கிச் சண்டையில் எதிரிலிருந்த பல்கலைக்கழக மைய நூலகம் எரிந்து, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. நூலகம் மீண்டும் கட்டப்பட்டுவிட்டது. ஆனால் சதுக்கத்தின் ஓரத்தில் எரிந்துபோன ஒரு பழைய மாளிகையை மட்டும் முழுமையாகச் சீர்செய்யவில்லை. கூரையில்லாத அதன் செங்கல் சுவர்களை அப்படியே நிறுத்தி, அவற்றுக்குள்ளிருந்து ஒரு கண்ணாடிக் கட்டடத்தை எழுப்பினார்கள். கட்டடக் கலைஞர் சங்கம் அதில் இயங்குகிறது. அதைப் பலர் அழகற்றது என்கிறார்கள். எரிந்த சுவரை மறைக்காமல் வைத்ததாலேயே அது சதுக்கத்தில் உள்ள 2005ஆம் ஆண்டின் பளிங்கு நினைவுத்தூணைவிட நேர்மையான நினைவுச் சின்னமாகிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

இப்போது எல்லோரும் கேட்கும் அந்தப் பெரிய நாடாளுமன்ற மாளிகைக்கு வருவோம். அதன் கதை 1977 மார்ச் 4 இரவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் தொடங்குகிறது. அன்று நாட்டில் 1,500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலைநகரவாசிகள். புக்கரெஸ்ட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட பல மாடிக் கட்டடங்கள் இடிந்தன. அவற்றுள் பெரும்பாலானவை இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் மகேரு பெருஞ்சாலையிலும் அதைச் சுற்றிலும் கட்டப்பட்ட உயரமான கான்கிரீட் குடியிருப்புகள். நிலநடுக்கத்தைத் தாங்கும் விதிகள் இல்லாத காலத்தில் எழுந்த அவை 1940 நிலநடுக்கத்திலேயே பலவீனப்பட்டிருந்தன. எஞ்சிய கட்டடங்களைப் பலப்படுத்தும் வேலையைப் பொறியாளர்கள் தொடங்கினார்கள்; அதே ஆண்டு ஜூலையில் சௌசெஸ்கு அதை நிறுத்த உத்தரவிட்டார். விரிசல்களைப் பூசி மறைத்துவிட்டு மக்களை மீண்டும் குடியேற்றினார்கள். மறுபுறம், நிலநடுக்கத்தைத் தாங்கி நின்ற தாழ்வான வீடுகள் நிறைந்த யூரானுஸ் மேட்டுப் பகுதியைத் தரைமட்டமாக்கிப் புதிய அரசு மையம் கட்ட முடிவு செய்யப்பட்டது. ஆபத்தான கட்டடங்கள் தப்பின, ஆபத்தில்லாத குடியிருப்பு அழிந்தது. புக்கரெஸ்ட்டின் இன்றைய நிலைக்கு இந்த ஒரு முடிவே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம்.

1971இல் வட கொரியாவையும் சீனாவையும் பார்த்து வந்ததிலிருந்து சௌசெஸ்குவின் மனத்தில் அகன்ற அணிவகுப்புச் சாலையும் அதன் முடிவில் பிரம்மாண்டமான மாளிகையும் இருந்தன. 1980களில் வரலாற்று நகரத்தின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இடிக்கப்பட்டது. சுமார் 40,000 பேர் சொற்ப அவகாசத்தில் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். பிரின்கோவெனெஸ்க் மருத்துவமனை 1984இல் இடிக்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் மிகச் சிறந்த வளாகங்களில் ஒன்றான வக்கரெஷ்ட் மடாலயம் 1986இல் தொடங்கி இடிக்கப்பட்டது. ஓவியங்களில் சிலவும் செதுக்கிய கல்தூண்களும் மட்டுமே மீட்கப்பட்டன.

இந்த அழிவுக்கு நடுவே நடந்த ஒரு வேலையை மட்டும் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். எவ்ஜெனியு யோர்தாகெஸ்கு என்ற கட்டுமானப் பொறியாளர், இடிபடவிருந்த தேவாலயங்களை அப்படியே நகர்த்திக் காப்பாற்ற முடியும் என்று வாதாடினார். பணியாளர் ஒருவர் தட்டில் கோப்பைகளை ஏந்திச் செல்வதைப் பார்த்தபோது அந்த எண்ணம் தோன்றியதாக அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். கட்டடத்தின் அடித்தளத்தைச் சிறிது சிறிதாக வெட்டி, அதற்குக் கீழே இரும்புக் கம்பி கோத்த கான்கிரீட் தட்டு ஒன்றை வார்த்து, ஜாக்கிகளால் உயர்த்தித் தண்டவாளத்தின் மீது வைத்து மெல்ல இழுப்பது அவருடைய முறை. 1982இல் ஸ்கிதுல் மைசிலோர் தேவாலயம் 245 மீட்டர் நகர்த்தப்பட்டது. 1985இல் மிஹாய் வோடா தேவாலயம் அதன் மணிக்கூண்டோடு 289 மீட்டர் நகர்ந்தது. சுற்றியிருந்த மடாலயக் கட்டடங்களும் அது நின்ற மேடும் போயின. 1987இல் ஆல்பா யூலியா நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பையே இரண்டாகப் பிளந்து 55 மீட்டர் நகர்த்தினார்கள். இரண்டு பாதிகளுக்கும் நடுவே இன்று பெருஞ்சாலை செல்கிறது. காப்பாற்றப்பட்ட தேவாலயங்கள் புதிய சாலையிலிருந்து கண்ணில் படக் கூடாது என்பதால் அடுக்குமாடிகளின் பின்னால் ஒளிக்கப்பட்டன. மிஹாய் வோடாவைப் பார்க்க வேண்டுமானால் இன்றும் ஒரு குடியிருப்பு வரிசையைச் சுற்றிப் பின்பக்கம் போக வேண்டும். துணி உலர்த்தும் பால்கனிகளுக்கும் நிறுத்தி வைத்த கார்களுக்கும் நடுவே 16ஆம் நூற்றாண்டின் செங்கல் கோபுரங்கள் திடீரென எதிரே நிற்கும்.

'மக்கள் மாளிகை' என்று பெயரிடப்பட்ட அந்தக் கட்டடத்தின் வேலை 1984இல் தொடங்கியது. தலைமைக் கட்டடக் கலைஞரான அன்கா பெத்ரெஸ்குவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுதான். 3,65,000 சதுர மீட்டர் தளப்பரப்பும் 84 மீட்டர் உயரமும் சுமார் 1,100 அறைகளும் கொண்ட அது உலகின் மிகக் கனமான கட்டடம் என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றுள்ளது. பளிங்கும் மரமும் படிகமும் பெரும்பாலும் உள்நாட்டிலிருந்தே வந்தன. அந்த ஆண்டுகளில்தான் வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காக உணவுப் பொருள்கள் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. நகர வீடுகளில் குளிர்காலத்திலும் வெப்பமும் மின்சாரமும் அளந்து கொடுக்கப்பட்டன. 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது மாளிகை முடிந்திருக்கவில்லை. இடித்துவிட வேண்டும் என்று பலர் கோரினார்கள். இடிப்பதற்கும் பெருஞ்செலவு ஆகும் என்ற நிலையில் வேலையைத் தொடர்ந்து முடித்து நாடாளுமன்றத்துக்குக் கொடுத்தார்கள். 2004 முதல் தற்காலக் கலை அருங்காட்சியகம் அதன் ஒரு பகுதியில் இயங்குகிறது. 2008 ஏப்ரலில் நேட்டோ உச்சி மாநாடு அங்கே நடந்தது. பின்புறத்தில் 2010இல் கட்டத் தொடங்கி 2018இல் திருநிலைப்படுத்தப்பட்ட பிரம்மாண்டமான ஆர்த்தடாக்ஸ் பேராலயம் இப்போது மாளிகையை விஞ்சும் உயரத்தில் நிற்கிறது. சௌசெஸ்கு தேவாலயங்களை ஒளித்த இடத்தில் தேவாலயமே எழுந்தது நியாயம் என்று பக்தர்கள் கருதுகிறார்கள். அதே அளவுப் பேராசை இன்னொரு வடிவில் வந்துவிட்டது என்று மற்றவர்கள் வருந்துகிறார்கள். நான் இரண்டாம் தரப்பின் பக்கம் இருக்கிறேன், ஏனென்றால் அதே நகரத்தில் மகேருவின் கட்டடங்கள் இன்னும் காத்துக்கிடக்கின்றன.

மகேரு பெருஞ்சாலையில் நடப்பவர்கள் சில வாசல்களின் ஓரத்தில் பதித்த சிவப்பு வட்டத்தைக் காணலாம். ருமேனியர்கள் அதை 'புலினா' என்பார்கள். பெரிய நிலநடுக்கம் வந்தால் இடிந்துவிடும் ஆபத்துள்ள முதல் வகைக் கட்டடம் என்பதே அதன் பொருள். ஹோரியா க்ரியாங்கா வடிவமைத்த ஆரோ கட்டடம் இந்தச் சாலையின் மிக நேர்த்தியான நவீனக் கட்டடங்களில் ஒன்று. அதன் கீழ்த்தளத்தில் இருந்த பத்ரியா திரையரங்கம், இத்தகைய கட்டடங்களில் மக்கள் கூடுவதைத் தடைசெய்த சட்டத்தால் 2015இல் மூடப்பட்டது. பலப்படுத்த ஏன் முடியவில்லை என்ற கேள்வி எழும். 1990க்குப் பின் அரசு தன் வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே மலிவாக விற்றது. அதனால் ருமேனியாவில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் சொந்த வீட்டில் வாழ்கிறார்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் இது உச்ச அளவு. ஆனால் ஒரே கட்டடத்தில் பல டஜன் உரிமையாளர்கள் என்றால், பலப்படுத்தும் வேலைக்கு ஒப்புதல் பெற்று, அவர்களை இரண்டொரு ஆண்டுகள் வேறிடத்தில் குடிவைக்க வேண்டும். வட்டியில்லாக் கடன் தர அரசு முன்வந்த பின்னும் ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் தயங்குவதில் வியப்பில்லை. திரும்பி வருவோமா என்ற அச்சம் அவர்களுக்கு வீண் அச்சமல்ல. உத்தரவால் 40,000 பேரை வெளியேற்றிய நகரம், ஒப்புதல் பெற்று நாற்பது குடும்பங்களைத் தற்காலிகமாக நகர்த்தத் திணறுகிறது.

பனாட் பகுதியிலுள்ள திமிஷோராவின் கதை வேறு. 1716இல் ஆஸ்திரியத் தளபதி இளவரசர் யூஜின் துருக்கியரிடமிருந்து கைப்பற்றிய பின் ஆஸ்திரியர்கள் அதைக் கோட்டை நகரமாக மறுபடி கட்டினார்கள். மதிலைச் சுற்றி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு எதுவும் கட்டக் கூடாது என்ற படைத்துறை விதி இருந்ததால் ஃபாப்ரிக், யோசெஃபின் ஆகிய புறநகர்கள் தனியே தள்ளி வளர்ந்தன. 1892இலிருந்து மதில்கள் இடிக்கப்பட்டபோது அந்த வெற்று நிலம் முழுதும் நகராட்சியின் கைக்கு வந்தது. யாருடைய வீட்டையும் இடிக்காமல் பெருஞ்சாலைகளும் பூங்காக்களும் அமைக்க அந்த நிலம் வழிவிட்டது. இந்த நல்வாய்ப்பு புக்கரெஸ்ட்டுக்குக் கிடைக்கவேயில்லை. இன்றைய வெற்றிச் சதுக்கம் இவ்வாறு உண்டானதே. அதன் ஒரு முனையில் வியன்னாக் கட்டடக் கலைஞர்கள் ஃபெல்னரும் ஹெல்மரும் வடிவமைத்து 1875இல் திறக்கப்பட்ட ஓபரா, மறுமுனையில் 1936இல் தொடங்கிக் கட்டப்பட்ட ஆர்த்தடாக்ஸ் பேராலயம், நடுவே பூப்பாத்திகளோடு நீண்ட நடைவெளி. பழைய மாளிகைகள் வரிசையாக நிற்கும் பக்கத்தை 'கோர்ஸோ' என்றும் எதிர்ப்பக்கத்தை 'சுரோகட்' என்றும் ஊரார் அழைத்தார்கள். வசதி படைத்தவர்கள் ஒரு பக்கமும் உழைப்பாளிகள் மறுபக்கமும் மாலையில் உலாவிய காலத்துப் பெயர்கள் அவை. 1989 டிசம்பரில் இராணுவத்தின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலர் பலியான பின்னும் மக்கள் இந்தச் சதுக்கத்தில் திரண்டு, 20ஆம் தேதி ஓபரா மாடத்திலிருந்து திமிஷோராவை நாட்டின் முதல் சுதந்திர நகரம் என்று அறிவித்தார்கள். தெருக்களுக்கு மின்விளக்கு போட்ட ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் நகரங்களில் ஒன்று என்ற பெருமையும் 1884 முதல் அதற்கு உண்டு. பழைய கோட்டைக்குள் இருக்கும் ஒன்றியச் சதுக்கத்தில் கத்தோலிக்கப் பேராலயமும் செர்பிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும் எதிரெதிரே நிற்கின்றன. ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரமாக 2023இல் கொண்டாடப்பட்ட இந்நகரத்தில் சதுக்கங்களுக்குப் புதுத் தளம் போடத் தோண்டியபோது உஸ்மானியர் காலத்து எச்சங்களும் வெளிப்பட்டன.

1918இல் டிரான்சில்வேனியா ருமேனியாவோடு இணைந்தபோது அதன் பெரிய ஊர்களில் ஹங்கேரியரும் ஜெர்மானியரும் யூதருமே மிகுந்திருந்தார்கள். ஆகவே புதிய அரசு சதுக்கங்களில் தன் முத்திரையைப் பதிக்க விரும்பியது. மேலே சொன்ன திமிஷோராப் பேராலயத்துக்கும் இதில் பங்குண்டு. டிரான்சில்வேனியாவின் க்ளூஜ் நகரில் இது இரண்டு சதுக்கங்களின் போட்டியாகவே தெரிகிறது. ஒன்றியச் சதுக்கத்தில் கோதிக் பாணிப் புனித மைக்கேல் தேவாலயமும், யானோஷ் ஃபத்ருஸ் வடித்து 1902இல் நிறுவிய ஹங்கேரிய மன்னர் மத்தியாஸின் குதிரைச் சிலையும் உள்ளன. சற்றுத் தொலைவில் அவ்ராம் யான்கு சதுக்கத்தில் 1933இல் திறக்கப்பட்ட ஆர்த்தடாக்ஸ் பேராலயம் எழுந்தது. 1992 முதல் 2004 வரை மேயராக இருந்த ருமேனிய தேசியவாதி கெயோர்கே ஃபுனார் பூங்கா இருக்கைகளுக்கும் குப்பைத்தொட்டிகளுக்கும் தேசியக் கொடியின் மூவண்ணம் பூசினார். மன்னர் சிலையின் முன்னால் ரோமானிய எச்சங்களைத் தேடிப் பள்ளம் தோண்ட வைத்தார். இன்று அந்தப் பகை பெரும்பாலும் தணிந்து, இரு மொழி பேசுவோரும் அங்கே காப்பி அருந்துகிறார்கள்.

க்ளூஜின் இப்போதைய சிக்கல் மொழி அல்ல, வீடு. தகவல் தொழில்நுட்பமும் பல்கலைக்கழகங்களும் மக்களை ஈர்க்க, நாட்டிலேயே வீட்டு விலை மிக உயர்ந்த நகரமாக அது மாறியது. பக்கத்து ஃப்ளோரெஷ்ட் ஊராட்சியின் மக்கள்தொகை பத்தாண்டில் இரண்டு மடங்குக்கு மேல் பெருகி, 2021 கணக்கெடுப்பில் 52,000ஐத் தாண்டியது. கிராம ஊராட்சி என்ற நிருவாகத் தகுதியோடு, விளைநிலக் கீற்றுகளின் மீது வரிசை வரிசையாக அடுக்குமாடிகள் எழுந்தன. பள்ளிக்கும் சாலைக்கும் பூங்காவுக்கும் நிலம் ஒதுக்குபவர் இல்லை. புக்கரெஸ்ட்டில் இதே கோளாறு வேறு விதமாக நிகழ்ந்தது. அங்கே ஆறு மாவட்டங்களுக்கும் தனித்தனி மேயர்கள் உண்டு. பொதுத் திட்டத்தை மீறிச் சிறு பகுதிக்கு மட்டும் விதி மாற்றும் வட்டாரத் திட்டங்கள் வழியாக, தோட்டங்களிலும் பழைய வில்லாக்களுக்கு நடுவிலும் உயர்ந்த கட்டடங்கள் முளைத்தன. இதை எதிர்த்து வழக்காடிய குடிமக்கள் இயக்கத்தைத் தொடங்கிய கணிதவியலாளர் நிக்குஷோர் டான் 2020இல் தலைநகர மேயராகி, அந்த வட்டாரத் திட்டங்கள் நிறுத்திவைக்கப்பட முன்னின்றார். 2025இல் அவர் குடியரசுத் தலைவரானார். ஒரு நாட்டின் தலைவர் நகரத் திட்டமிடல் வழக்குகளிலிருந்து உருவாவது அபூர்வம். சட்டமற்ற இடிப்பையும் சட்டமற்ற கட்டுதலையும் அந்த மக்கள் எவ்வளவு ஆழமாக உணர்கிறார்கள் என்பதை அது காட்டுகிறது.

சீரமைப்பை நன்றாகச் செய்த ஊர் எது என்று கேட்டால் மேற்கு எல்லையோரத்து ஒராடியா என்பேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த 'கருங்கழுகு' மாளிகையும் அதனூடே செல்லும் கண்ணாடிக் கூரை வணிகப் பாதையும் ஆர்ட் நுவோ எனப்படும் வளைகோட்டு அலங்காரக் கலையின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டுகள். அதே சதுக்கத்தில் உள்ள தேவாலயத்தின் கோபுரத்தில் நிலவின் பிறைகளைக் காட்டும் உருண்டை ஒன்று சுழல்கிறது. இம்மாளிகைகளிலும் ஒரே கட்டடத்துக்குப் பல உரிமையாளர்கள் இருந்தார்கள். நகராட்சி முகப்புகளைச் சீர்செய்வதைக் கட்டாயமாக்கி, செலவின் பங்கை ஏற்று, வடிவமைப்புக்கும் உதவி, பாழடைய விட்டவர்களுக்குச் சொத்து வரியை உயர்த்தியது. மகேருவில் நின்றுபோன வேலை இங்கே நகர்ந்ததற்குக் காரணம், உரிமையாளரைத் தடையாகப் பார்க்காமல் கணக்கில் சேர்த்துக்கொண்டதுதான். முகப்பைப் பூசுவதைவிடத் தூண்களைப் பலப்படுத்துவது பலமடங்கு கடினம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

யாஷில் 1925இல் திறக்கப்பட்ட பண்பாட்டு மாளிகையையும், பாரிஸ் கோபுரத்தால் புகழ்பெற்ற ஈஃபிலின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் த்ராயான் ஹோட்டலையும், கல்லில் சரிகை நெய்தது போன்ற 17ஆம் நூற்றாண்டின் மூன்று மறைமுதல்வர் தேவாலயத்தையும் ஒரே நாளில் பார்க்கலாம். கான்ஸ்டன்ஸாவில் கருங்கடலோரம் 1910இல் எழுந்து, பின்னர் நெடுங்காலம் பாழடைந்து கிடந்த காசினோ சீரமைக்கப்பட்டு 2025 மே மாதம் திறக்கப்பட்டது.

பயணத் திட்டத்துக்கு வருகிறேன். ஒரு வாரம் இருந்தால் புக்கரெஸ்ட்டுக்கு மூன்று நாள் கொடுங்கள். முதல் நாள் வெற்றித் தெருவை முழுதும் நடந்து ஆத்தேனியத்தில் மாலைக் கச்சேரி கேளுங்கள். இரண்டாம் நாள் நாடாளுமன்ற மாளிகை; முன்பதிவு செய்ய வேண்டும், நுழைவாயிலில் கடவுச்சீட்டைக் கேட்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். வெளியே வந்ததும் ஒன்றியப் பெருஞ்சாலையின் நீரூற்றுகளோடு திரும்பிவிடாமல் அடுக்குமாடிகளின் பின்பக்கம் சென்று மிஹாய் வோடாவையும் ஆந்திம் மடாலயத்தையும் தேடிப் பாருங்கள். மூன்றாம் நாள் மகேருவும் வக்கரெஷ்ட் இயற்கைப் பூங்காவும். அந்த மடாலயம் நின்ற பகுதியில் சௌசெஸ்கு காலத்தில் ஏரி வெட்ட எழுப்பிய கான்கிரீட் கரைக்குள் வேலை கைவிடப்பட்டு, நாணலும் பறவைகளும் தாமாகக் குடியேறிய அந்த நிலம் 2016இல் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பிறகு இரயிலில் பிராஷோவ், அங்கிருந்து சிபியு. திமிஷோராவையும் ஒராடியாவையும் சேர்க்க விரும்பினால் இன்னும் நான்கு நாள் வேண்டும். புக்கரெஸ்ட்டிலிருந்து நேரே இரயிலில் போனால் ஒரு பகல் முழுதும் போய்விடும் என்பதால் சிபியுவிலிருந்து மேற்கே தொடர்வதே நல்லது.